கழுத்தையும் சேர்த்து

கடைசி பஸ் ஆரையம்பதியில் இறக்கிவிடுகையில்
கல்முனைக் கடையின் வெளிச்சம்
என் முகத்தில் இன்னும் ஒட்டிக்கொண்டு கிடக்கும்.
காலை எட்டே முக்காலுக்குப் பூசியது.
பூசாமல் நின்றால் இருநூறு வெட்டு.
முதலாளி எழுதி ஒட்டியிருக்கிறார்,
நேரம், லிப்ஸ்டிக், சிரிப்பு என்ற ஒழுங்கில்.

மேக்கப் கழற்றுகிற நீலத் தண்ணி
இரண்டாயிரத்து எண்ணூற்றைம்பது.
நாளைக்கு நாலு போத்தலாவது விற்பேன்.
"தேய்க்கக் கூடாது மேடம், ஒற்றி எடுக்கணும்"
என்று பஞ்சைப் பிடித்துக் காட்டி,
என் இரண்டு நாள் கூலியை
அவர்கள் பையில் போட்டு
பில்லையும் உள்ளே வைத்து நீட்டுவேன்.

வீட்டில் என் நீலத் தண்ணி
ஜாம் போத்தலில் நிற்கும் தேங்காயெண்ணெய்.
அதுவும் இப்போது அளந்துதான்.
கறிச்சட்டிக்கு ஊற்றும்போதும் மச்சாள் பார்ப்பாள்,
உள்ளங்கையில் ஊற்றும்போதும் பார்ப்பாள்.
இரண்டு பார்வையும் ஒன்றல்ல.

அரைத் தேக்கரண்டி போதும்.
கைக்குள் தேய்த்துச் சூடாக்கி முதலில் கண்.
மூடிக்கொண்டு இருபது எண்ண வேண்டும்.
தண்ணிக்குப் போகாது, அழுதாலும் போகாது என்று
நான் சத்தியம் பண்ணி விற்கிற மை
எண்ணெய்க்கு மறுபேச்சில்லாமல் இளகும்.
அவருடைய பழைய சாரத்தைக் கிழித்து
பதினாறு துண்டு ஓரம் அடித்து வைத்திருக்கிறேன்.
ஒன்றைச் சுடுதண்ணியில் பிழிந்து
முகத்தில் போட்டுக்கொண்டு கிணற்றடியில் நிற்பேன்.
யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத
ஒன்றரை நிமிடம்.

மறுகா கடலை மா.
மருதமுனை றிஸ்மியா சொன்னது:
தயிர்ச் சட்டியில் ஊறி நிற்கிற தண்ணியில் குழைக்க வேண்டும்,
"தயிரத் தின்னு கா, தண்ணியப் பூசு."

எலுமிச்சம்பழம் மட்டும் வேண்டாம்.
ஒருதரம் பூசி மூன்று நாள் எரிந்தது.
அந்தச் சிவப்போடு கடையில் நின்றேன்.
கோமாரியிலிருந்து வந்த ஒரு கல்யாணக் கூட்டம்
என் கன்னத்தைக் காட்டி
இதே நிறம்தான் வேணும் என்றது.
றிஸ்மியா சிரிப்பை அடக்க
துணிக்கட்டுக்குப் பின்னால் குனிந்தாள்.
நான் கிட்டத்தட்ட ஒத்துவந்த ஒரு டப்பாவைத்
தேடிக் கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி
கட்டாரிலிருந்து அழைப்பு முந்திக்கொண்டது.
வழமையாகக் கடையிலிருந்து, சாப்பாட்டு நேரத்தில் பேசுவோம்.
அவருக்குத் தெரிந்த முகம் அது.
இன்றைக்குக் கையில் ஈரச் சாரத்துண்டு,
புருவம் முழுக்க எண்ணெய்.
"என்ன, சுகமில்லையா?" என்றார்.
"இல்ல. கழுவினன்."

நெட் இழுத்தது.
அவர் சதுரம் சதுரமாக நின்று
பிறகு ஒன்றாகச் சேர்ந்தபோதுதான்
அந்தக் கழுத்தைக் கண்டேன்.
காதிலிருந்து கொலர் வரைக்கும்
தோல் உரிந்து, ரோஸ் நிறத்தில்.

பெயின்ற் அடிக்கிற வேலை.
முகத்துக்கு மாஸ்க் தருவார்களாம்.
கழுத்தில் படிந்ததைத் தின்னர் போட்டுத் தேய்த்தாராம்,
ஆறு மாதமாக.
கமராவை இவ்வளவு நாளும்
நெஞ்சுக்கு மேலே ஏற்றிப் பிடித்திருந்தார் போல,
நான் பகலில் என் வெளிச்சத்தைப் பார்த்துப்
பிடிப்பது மாதிரி.

ஏசத்தான் வாய் திறந்தேன்.
வந்தது கடைப்பேச்சு:
"தேய்க்கக் கூடாது, ஒற்றி எடுக்கணும்."
மேடம் இல்லாமல் அதை
ஒரு நாளும் சொன்னதில்லை நான்.

"எண்ணெய் கிடைக்குமா அங்க?"
"கேரளாக்காரன்ட கடையில இருக்கு. விலை."
"அரைத் தேக்கரண்டி போதும்.
ஒரு சாரத்தக் கிழிங்க."
"ரெண்டுதான் கிடக்கு."
"பழையதக் கிழிங்க."

எங்கேயோ துணி கிழிகிற சத்தம்.
போனைச் சாய்த்து வைத்துவிட்டு
அவர் கண்ணை மூடினார்.
"கண்ணில ஒண்டுமில்லையே, ஏன் மூடுறீங்க?"
"நீ மூடிக்கொண்டுதானே நிண்ட."

இருபது எண்ணினேன், இங்கே சத்தமாக.
மச்சாள் விளக்கை அணைக்காமல்
வாசலில் பார்த்துக்கொண்டு நின்றாள்.